மூணு நம்பர்காரன்

1908ஆம் ஆண்டு மாசி மாதம் பேச்சித்தாயின் புருஷன் தென்னாப்பிரிக்க நேட்டாலிலிருந்து திரும்பி வந்தபோது, ஊரில் ஒருவர் வாயிலும் அவன் பெயர் வரவில்லை. யாரும் மறந்துவிடவில்லை. பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் நம்பர்தான் வெளியே விழுந்தது. அந்த வருஷம் மருதூர் அணைக்கட்டுக்குக் கீழே நெல் நன்றாக விளைந்து, வைக்கோல் விலை இறங்கியிருந்தது. திருநெல்வேலி பாலம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியவன், தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடே நடந்து வந்தான். முதலில் பார்த்தது வயலில் நின்ற அவன் அண்ணன். "ஏலே ஆயிரத்து நூத்தெட்டு, எப்பம் வந்த?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னது தனக்கே புரியாமல் வாயைத் துடைத்துக்கொண்டான். மறுநாள் அறுப்புக்கு ஆள் தேடி வந்த பண்ணையார் அவனை நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தெருக்காரர்களுக்கோ அறுபத்தாறாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. அவனே தன் பெயரைச் சொல்லிப் பார்த்தான். அவனுக்கும் அந்த நீளமான நம்பர்தான் வந்தது.

எது என்ன நம்பர் என்று ஊருக்கு விளங்க வைத்தவர், களத்தில் நெல் வாங்க வந்த காயல்பட்டினத்து முகம்மது மைதீன். அவர் மச்சான் டர்பன் துறைமுகத்தில் கடை வைத்திருந்தார். கப்பல் ஏறும் முன் மதராஸ் கூலி டிப்போவில் தகரத்தில் அடித்துக் கழுத்தில் மாட்டியது முதல் நம்பர், அந்த நீளமானது. அது சாகிற வரைக்கும் மாறாது. கரும்புத் தோட்டத்தில் கூலிக்கும் அரிசிக்கும் கொடுத்தது இரண்டாவது, நாற்பத்தொன்று. தோட்டம் மாறினால் அதுவும் மாறும். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல், மறு ஒப்பந்தத்துக்கும் கைநாட்டு வைக்காமல் அங்கேயே இருக்கிறவன் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும். அந்த வரிச்சீட்டில் இருப்பது மூன்றாவது நம்பர், ஆயிரத்து நூற்றெட்டு. வழியில் போலீஸ்காரன் கேட்டுச் சீட்டு இல்லையென்றால் ஜெயில். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொல்லிவிட்டு உதை வாங்கியவர்கள் உண்டு.

"மொத நம்பரு நீரு யாருன்னு கேக்கும். ரெண்டாவது யாருக்கு வேலை பாக்கீருன்னு கேக்கும். மூணாவது, இன்னும் ஏன்வே போகாம இருக்கீருன்னு கேக்கும்" என்றார் முகம்மது மைதீன். பிறகு நெல்லை அள்ளி ஊதிப் பார்த்து, பதர் அதிகம் என்று விலையைக் குறைத்தார்.

அதன் பிறகு ஊருக்கு ஒரு சங்கடம் வந்தது. அவனைக் கூப்பிடுகிறவன் மனதில் என்ன இருக்கிறது என்பது எல்லோர் காதிலும் விழுந்தது. வேலை வாங்க நினைப்பவனுக்கு இரண்டாவது நம்பர் வரும். இவன் ஏன் வந்தான், வயலில் பங்கு கேட்பானோ என்று நினைப்பவனுக்கு மூன்றாவதுதான் வரும். அவன் அண்ணன் எவ்வளவு அன்பாகப் பேச முயன்றாலும் ஆயிரத்து நூற்றெட்டைத் தாண்டவில்லை. கடைசியில் அண்ணன் பேசுவதை நிறுத்தினான். மிஷன் பள்ளிக்கூடத்து இஸ்ரவேல் வாத்தியார் சிலேட்டில் அவன் பெயரை எழுதிப் பார்த்தார், இலக்கங்கள்தான் விழுந்தன. ஞானஸ்நானம் எடுத்தால் புதுப்பெயர் கிடைக்குமே என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். "ஏற்கெனவே மூணு இருக்குய்யா. நாலாவது வேண்டாம்" என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

பேச்சித்தாய்க்கு மட்டும் எந்தச் சிரமமும் இல்லை. அவள் எப்போதுமே அவன் பெயரைச் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அங்கே வழக்கம். கல்யாணமாகி ஆறு மாதத்தில், மழை பொய்த்த வருஷம், அவன் கப்பலுக்கு ஆள் பிடிக்க வந்த ஏஜெண்டு பின்னால் போனான். அதற்குப் பிறகு பேச அவளுக்கு ஆளும் இல்லை. திரும்பி வந்த முதல் வாரமே அவன் கேட்டான்.

"நீ ஒருக்கா சொல்லேன். உன் வாயில எப்படி வருதுன்னு பாப்போம்."

"நல்லாருக்கே. நான் எப்படிச் சொல்ல? பன்னெண்டு வருசம் சொல்லாம இருந்துதான் உசுரோட வந்திருக்கிய. இப்பம் சொல்லிக் கெடுக்கவா?"

அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனான். அடுத்த வருஷமும் கேட்டான். அதற்கடுத்த வருஷம் பொங்கல் அன்று கேட்டான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 1912க்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டான். ஒரே வீட்டில் இருவரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஆடு கத்துவது கேட்கும். அந்த வீட்டுக்குள்ளிருந்து குரல் கேட்காது.

சித்திரையில் மாடன் கோயில் கொடைத் திருவிழா. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. நாட்டாமை பெயர் சொல்லிக் கூப்பிட, போய்க் கோயில் வரியை வைத்துத் திருநீறு வாங்க வேண்டும். பெயர் கூப்பிடாதவனுக்கு ஊர் இல்லை; செத்தால் ஊர்ச் சுடுகாட்டில் இடமும் இல்லை. அவன் நேட்டாலில் இருந்த காலமெல்லாம் நாட்டாமை பாபநாசம் அவன் பெயரைத் தவறாமல் கூப்பிட்டார். பேச்சித்தாய் முந்தானையில் முடிந்துவைத்த காசை அவிழ்த்து வைத்தாள். ஆள் இல்லாதபோது பெயர் இருந்தது. ஆள் வந்த பிறகு நாட்டாமை வாயில் வந்தது ஆயிரத்து நூற்றெட்டு. வரி வாங்குகிறவனுக்கு வேறு எது வரும்? முதல் வருஷம் சிரித்தார்கள். மறு வருஷம் சிரிக்கவில்லை. நம்பருக்கே வரி வாங்கி, நம்பருக்கே திருநீறு கொடுத்தார்கள். அவனும் போய் வாங்கிக்கொண்டான். அந்த ஒரு நாள் மட்டும் வேட்டியை வெளுத்துக் கட்டினான்.

1914இல், ஜெர்மன் சண்டை தொடங்கிய சமயம், நேட்டாலில் மூன்று பவுன் வரியை எடுத்துவிட்டார்கள் என்று இஸ்ரவேல் வாத்தியார் பத்திரிகையைப் பார்த்து வாசித்தார். நல்ல சேதி என்று எல்லோரும் சொன்னார்கள். அன்றிலிருந்து மூன்றாவது நம்பர் செத்துப்போனது. அண்ணன் அவனைப் பார்த்தால் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினான்.

1915 கொடையில் நாட்டாமை வரிசையாகப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, அவன் இடம் வந்ததும் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மூன்று தடவை முயன்றார். மேளம் நின்றது.

"வரலன்னா அடுத்த ஆளக் கூப்பிடும் வே. விடியிறதுக்குள்ள முடிக்கணும்லா?" என்றான் அண்ணன்.

"கூப்பிடாம விட்டா தலைக்கட்டு போயிரும்லே. செத்தா எங்கன கொண்டு போட?" என்றார் நாட்டாமை.

"அதுக்கு நான் என்ன செய்ய?"

அவன் கூட்டத்தின் ஓரத்தில், வரியைத் துண்டு நுனியில் முடிந்துகொண்டு நின்றான். யாரையும் பார்க்கவில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சித்தாய் எழுந்து வந்தாள். மாடனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"சங்கிலிபூதத்தான்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவைகூட வாயில் பட்டிராத பெயர் ஆகையால் பழுதில்லாமல் முழுசாக வந்தது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நாட்டாமை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "சங்கிலிபூதத்தான் தலைக்கட்டு!" என்று கூவினார். அண்ணன் வாயிலும் வந்தது. எல்லோர் வாயிலும் வந்தது.

அவனுக்கும் கேட்டது. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. வருகிற ஆளுக்கு வழிவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்றான்.

பேச்சித்தாய் போய் அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, துண்டை அவிழ்த்து, வரியை வைக்கச் செய்தாள். திருநீறு பூசினார்கள். தலைக்கட்டு நின்றது, சுடுகாட்டில் இடமும் நின்றது. மேளம் மறுபடி தொடங்கியது. பெயரைச் சொன்னதால் அவன் ஆயுசு குறையவில்லை. குறைந்தால் அந்தப் பெயர்க்காரனுக்கல்லவா குறைய வேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எல்லோரும் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவன் திரும்புவதில்லை. அவசரமென்றால் கிட்டே போய்த் தோளைத் தொட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. பேச்சித்தாய் தினமும் சாயங்காலம் சோறு வடித்துவிட்டு வாசலில் நின்று அந்தப் பெயரை ஒரு தடவை சொல்வாள். கொஞ்சம் பொறுத்து, தெருவில் இறங்கி, ஆற்றங்கரை வரைக்கும் போய் அவனைத் தொட்டுக் கூட்டி வருவாள்.