ஜன்னல் ஓரத்தில் இரண்டு செல்போன்கள்

அந்த வீட்டுக்குள் செல்போன் சிக்னல் நுழையாது. சுவர் அவ்வளவு தடிமன். எங்கிருந்தோ கிளம்பி வரும் சிக்னல் சமையலறை ஜன்னல் வரைக்கும் வந்து, உள்ளே வரக் கூச்சப்படும் விருந்தாளி மாதிரி அங்கேயே நின்றுவிடும். அதனால் பெரியவளின் செல்போனுக்கு நிரந்தர இடம் ஜன்னல் ஓரம்தான். குழாய்க்குப் பக்கத்தில், பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கு அடுத்து.

அக்கா, தங்கை இருவர் மட்டும் இருந்த வீடு அது. தெருவில் எல்லோருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவள். முன்னறையில் தையல் தொழில். பெரியவள் அளவெடுத்துத் துணி வெட்டுவாள், சின்னவள் மெஷினில் தைப்பாள். தையல் கோணிப்போனால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம், வெட்டு கோணிப்போனால் துணி போனது போனதுதான். கத்தரியை நடுவில் நிறுத்தினாலும் வம்பு, நிறுத்திய இடத்தில் ஓரம் பிசிறு தட்டும். அதனால் பெரியவள் ஒரு சட்டைக் கையை வெட்டத் தொடங்கினால் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஜன்னல் ஓரத்தில் செல்போன் அலறும். கத்தரியைப் போட்டுவிட்டு அரக்கப் பரக்க ஓடுவாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிடும். ஒருமுறை ஈரக்கையோடு எடுத்து, பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தண்ணீரில் போட்டு, செல்லையும் சேர்த்துக் கழுவினாள்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் சின்னவள் அந்தப் பெட்டியை வாங்கி வந்தாள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அது கம்பி இல்லாமலே, புளூடூத்தில், செல்போனோடு பேசிக்கொள்ளும். வீட்டு டெலிபோனை அதில் செருகிவிட்டால் போதும், செல்லுக்கு வருகிற அழைப்பு வீட்டு டெலிபோனில் மணி அடிக்கும். ரிசீவரை எடுத்துப் பேசலாம், எண்ணை அழுத்தி யாரையும் கூப்பிடவும் செய்யலாம். லைனை எப்போதோ துண்டித்துவிட்ட பிறகு தூசி படிந்து கிடந்த பழைய டெலிபோன்கள் இரண்டுக்கும் மறுபடி உயிர் வந்தது. ஒன்று துணி வெட்டும் மேஜைக்கு மேலே சுவரில், இன்னொன்று சின்னவளின் அறையில்.

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் காட்டினாள். "என் தங்கச்சி எனக்காகத் தேடிப் பிடிச்சு வாங்கினா. நான் ஓடக்கூடாதாம்." வந்தவர்கள் ஊசி குத்திய துணியோடு அசையாமல் நின்று அதைக் கேட்டாக வேண்டும். வேறு வழியில்லை.

சின்னவள் இரண்டே விதி போட்டாள். ஒன்று, ரிசீவரை எடுத்ததும் இன்னொருத்தி பேசுவது கேட்டால் சத்தமில்லாமல் வைத்துவிட வேண்டும். இரண்டாவது, அக்கா கத்தரியோடு இருந்தால் எடுக்கவே வேண்டாம்.

"நான் உள்ளேயிருந்து எடுத்துக்கறேன்க்கா. நீ வேலையைப் பாரு."

கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த தங்கை இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மனம் குளிராது? அதற்குப் பிறகு பெரியவள் டெலிபோன் பக்கம் அநேகமாகப் போகவே இல்லை.

ஒரே ஓர் அழைப்புக்காக மட்டும் காத்திருந்தாள். தெருமுனையில் சலவைக்கடை வைத்திருந்தவர் முட்டி தேய்ந்துபோய்க் கடையை விட்டுவிடப் போகிறார் என்று தெரிந்ததும், அவளே நேரில் போய்க் கேட்டிருந்தாள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சாயங்காலம் வரைக்கும் வெளிச்சம் தரையில் கிடக்கும். இந்த வீட்டு முன்னறையிலோ மதியம் தாண்டினால் கறுப்புத் துணியில் சாக்குக்கட்டிக் கோடே தெரியாது. மேஜையை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டு, நின்றபடி வெட்ட வேண்டும். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

"உங்களுக்கு இல்லாமலா? என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போன் பண்றேன்," என்றார் சலவைக்கடைக்காரர்.

போன் வரவில்லை. சின்னவளைக் கேட்டால், "இன்னும் இல்லக்கா, வந்தா சொல்லமாட்டேனா?" என்றாள். நேரில் போய் நின்று நச்சரிப்பது பெரியவளுக்குப் பிடிக்காத காரியம். ஆள் யோசிக்கிறார் போல என்று பொறுத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் வேறொன்றும் நடந்தது. பழைய வாடிக்கையான டீச்சர் ஒருத்தி அளவு கொடுக்கும்போது பெரியவளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பெரியவள், மரியாதைக்குக் கேட்கிறாள் என்று எண்ணி, "நல்லாத்தான் இருக்கு, கால்தான் வலிக்குது," என்று சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் துணி கொண்டுவரவும் இல்லை.

அன்றைக்குப் பெரியவள் நல்ல நீலத் துணி ஒன்றை மேஜையில் விரித்திருந்தாள். பெண்கள் அணியும் கோட்டு. யாருடையது என்று சின்னவள் கேட்டதற்கு, "ஒரு பார்ட்டியோடது," என்று மழுப்பிவிட்டாள். முதுகும் முன்பக்கமும் வெட்டி முடித்து, கோட்டின் ஒரு கையை வெட்டிக்கொண்டிருந்தபோது சுவரில் மணி அடித்தது.

எடுக்கக்கூடாது என்பதுதான் விதி. ஆனால் கத்தரி அப்போதுதான் ஓரத்தை எட்டி நின்றிருந்தது, கையும் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துவிட்டாள்.

"யாரு, தங்கச்சிதானே?" சலவைக்கடைக்காரரின் குரல்.

டெலிபோனில் அக்கா தங்கை குரலுக்கு வித்தியாசமே தெரியாது. பெற்ற தாயே உயிரோடு இருந்தபோது, "எவடி பேசறது?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவாள். பெரியவள் பதில் சொல்வதற்குள் அவர் அவசர அவசரமாகத் தொடர்ந்தார்.

"உங்க நம்பருக்கே கூப்பிடச் சொன்னீங்களேன்னு கூப்பிட்டேன். சாவி தயார். போர்டு எழுத ஆள் வந்திருக்கான், உங்க பேர் மட்டும் போட்டா போதும்ல? அக்கா பேர் வேணாம்னு சொன்னீங்க. அவங்களுக்குக் கை நடுக்கம் இப்ப எப்படி இருக்கு? பாவம், கத்தரி பிடிச்ச கை."

பெரியவள் தன் வலது கையைப் பார்த்தாள். கத்தரி அதில்தான் இருந்தது. அசையவில்லை.

'உங்க நம்பர்' என்று அவர் சொன்னது உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. நடந்தது இதுதான். முன்பு அவர் பெரியவளின் செல்லுக்குக் கூப்பிட்டபோதே சின்னவள் உள்ளேயிருந்து எடுத்து, கடையைத் தனக்கென்று பேசி முடித்து, இனித் தன் நம்பருக்கே கூப்பிடச் சொல்லியிருந்தாள். பெட்டி வாங்கிய அன்று, வேலை செய்கிறதா என்று பார்க்க, சின்னவள் முதலில் தன் செல்போனைத்தான் அதோடு இணைத்திருந்தாள். பிறகு அக்காவுடையதையும் இணைத்தாள். பெட்டியில் இரண்டுக்கும் இடம் உண்டு. அப்புறம் தன் செல்லில் புளூடூத்தை அணைத்து வைத்துவிட்டு, அதை மறந்தே போனாள். இன்று இந்த அழைப்பை அறைக்குள்ளிருந்தே ரகசியமாகப் பேசிவிடலாம் என்று கம்பியில்லாத இயர்போன் ஒன்றை வாங்கி, அதற்காகப் புளூடூத்தைப் போட்டு, செல்லை அக்காவின் செல்லுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தாள். அவள் மறந்ததைப் பெட்டி மறக்கவில்லை. இயர்போனுக்குப் போக வேண்டிய அழைப்பைப் பிடித்து வீடு முழுக்க மணி அடித்துவிட்டது.

டொக்கென்று ஒரு சத்தம். உள் அறையில் தங்கை ரிசீவரை எடுத்துவிட்டாள்.

"ஹலோ, யாருங்க?" என்றாள் சின்னவள்.

"என்னங்க இது, உங்க குரலே ரெண்டாக் கேக்குது?" என்றார் சலவைக்கடைக்காரர். "இருக்கீங்களா?"

"இருக்கோம்," என்றாள் பெரியவள். "நான் அக்கா பேசறேன். தங்கச்சியும் லைன்லதான் இருக்கா. என் கைக்கு ஒண்ணும் இல்லீங்க."

பாவம், தேய்ந்த முட்டியோடு அவருக்கு இந்த வம்பு வேறு. "அப்படிங்களா... அப்ப சாவியை யார்கிட்டக் குடுக்கறது?"

பெரியவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். அதில் தங்கையின் மூச்சு கேட்டது. குழந்தையாக இருந்தபோது தோளில் போட்டுத் தூங்கவைத்த மூச்சு. 'அக்காகிட்ட' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மீதி எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள், பைத்தியக்காரி.

"எங்கிட்டதான்," என்றாள் சின்னவள். "பேசினபடி எங்கிட்டயே குடுங்க."

இன்னொருத்தி பேசிக்கொண்டிருந்தால் வைத்துவிட வேண்டும். பெரியவள் ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள். கடை போனதுகூடப் பெரிதில்லை. நடுங்காத கையை நடுங்குகிறது என்று வாடிக்கைக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. டீச்சர் ஏன் அப்படிப் பார்த்தாள் என்பது இப்போது புரிந்தது. தங்கை கொடுத்த டெலிபோனுக்காகத் தெருவெல்லாம் பெருமையடித்த வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

சின்னவள் வந்து வாசற்படியில் நின்றாள். காதில் இயர்போன் இன்னும் இருந்தது.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடி," என்றாள் பெரியவள்.

"தெரியும்." சின்னவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "குடுத்துட்டு, வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருப்பே. அதான் கேக்கல."

"சரி, கடையை எடுத்துக்கிட்டே. என் கையை எதுக்குடி எடுத்தே?"

சின்னவள் இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் மேஜைக்குத் திரும்பினாள். இன்னும் ஒரு கை பாக்கி. சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் கத்தரியை வைத்து, நிறுத்தாமல், பிசிறில்லாமல், கடைசி வரைக்கும் வெட்டினாள். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மடித்துத் தங்கையிடம் நீட்டினாள்.

"உன் அளவுதான். கடை திறக்கற அன்னிக்கு நீ போட்டுக்கணும்னு எடுத்த துணி. ஓரமெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோ. கை நடுங்கறவ வெட்டினது."

சின்னவள் வாங்கிக்கொள்ளவில்லை. பெரியவள் துண்டுகளை மெஷின் மேல் வைத்தாள். சமையலறைக்குப் போய், அங்கிருந்த இரண்டு செல்போன்களில் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலு அடி நடப்பதற்குள் பெட்டியோடு இருந்த இணைப்பு அறுந்தது. வெளியே சிக்னல் நன்றாகவே இருந்தது. முதலில் டீச்சரைக் கூப்பிட்டாள்.