பால் பன்னுக்கு வந்த பளபளப்பு

எங்கள் பெருமாள் கோயில் தெருவில் சாயங்காலம் நாலு மணி ஆனதைத் தெரிந்துகொள்ளக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. வன்னியபெருமாள் பேக்கரியில் பால் பன் தட்டு அடுப்பிலிருந்து வெளியே வரும். உப்பளக் காற்றோடு அந்த வாசனை வீட்டுக்குள் நுழைந்ததும், ரிட்டையர்டு வாத்தியார் சுதர்சனம் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்குவார். என் வீட்டு ஜன்னல் கடைக்கு நேர் எதிரே. வேண்டுமென்று பார்ப்பதில்லை, ஜன்னல் அங்கே இருக்கிறது.

அந்தப் பன் பிறந்ததே வாத்தியார் வீட்டு ஆதிலக்ஷ்மி மாமியால்தான். அவர்கள் பையன் அச்யுதன் சின்னவனாக இருந்தபோது, மற்ற பிள்ளைகள் தின்கிற பன் வேண்டுமென்று கடை வாசலில் உருண்டு அழுதான். அது முட்டை தடவின பன். மாமி வீட்டில் வெங்காயமே யோசித்துத்தான் நுழையும். கடைக்கார வன்னியபெருமாள் அண்ணாச்சி பார்த்தார். மறுநாள் முட்டைக்குப் பதிலாகப் பாலைத் தடவி ஒரு தட்டு பன் போட்டார். அதற்கென்று தனி பிரஷ் வாங்கி, காம்பில் நீல நூல் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். பார்க்க மங்கலாக, தூக்கம் கலையாத மாதிரி இருக்கும் அந்தப் பன். ஆனால் கோயிலைச் சுற்றியிருந்த அத்தனை வீடுகளும் காப்பிக்கு அதைத்தான் தொட்டுக்கொண்டன. அண்ணாச்சி போன பிறகு அவர் மனைவி வடிவம்மாளும் அந்த பிரஷை வேறெதிலும் பட விட்டதில்லை. முட்டை சாப்பிடுகிற எனக்குக்கூட நாலு மணிக்கு அந்த மங்கல் பன்தான் வேண்டும்.

அப்புறம் மகன் முத்துக்குமரன் கேட்டரிங் படித்துவிட்டு வந்தான். வடிவம்மாள் முழங்கால் வலியோடு கல்லாவில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்கு ஏசி வந்தது, கண்ணாடி வந்தது, பால் பன்னுக்குப் பளபளப்பு வந்தது.

"இப்பத்தான் வடிவு, பன் பாக்க லட்சணமா இருக்கு" என்று மாமியே சொன்னார்.

போன ஆடியில் முத்துக்குமரன் ஒரு ரீல் போட்டான். ஒற்றைக் கையால் முட்டையை உடைக்கிறான், கலக்குகிறான், ரப்பர் பிரஷால் தட்டு முழுக்கத் தடவுகிறான். பின்னால் குத்துப்பாட்டு. கீழே, 'எங்க ஸ்பெஷல் பால் பன்'. பொழுது சாய்வதற்குள் அது தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. நான் இரண்டே பேருக்குத்தான் அனுப்பினேன்.

மாமி கடைக்கு வந்து நின்றார். வடிவம்மாளுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

"மேல தடவுறதுதானே மாமி, உள்ள ஒண்ணும் கிடையாதே" என்றான் முத்துக்குமரன்.

"எங்க நெத்தியில இருக்கற திருமண்ணும் மேலதான்டா இருக்கு" என்றார் மாமி. திரும்பிப் போனார். அவர் பின்னால் தெருவும் போய்விட்டது.

முத்துக்குமரன் சும்மா இருக்கவில்லை. 'நூறு சதவீதம் சுத்த சைவம்' என்று பச்சை எழுத்தில் பேனர் கட்டினான். அதன் நேர் கீழே முட்டை கேக். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றான். வீட்டுக்கு வீடு ரிப்பன் கட்டிய டப்பா அனுப்பினான். மாமி வீட்டு டப்பா கேட் மேலேயே இரண்டு நாள் இருந்தது, எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

கடைசியில் வடிவம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனாள். நானும் கருவேப்பிலை கேட்கிற சாக்கில் போனேன். எந்நேரமும் காப்பி கிடைக்கிற வீடு. அன்றைக்கு அவளை உட்காரச் சொல்லக்கூட ஆளில்லை.

"மன்னிப்பு கேக்க வரல மாமி, சொல்லத்தான் வந்தேன்" என்றாள் நின்றபடியே. "பங்குனி உத்திரம் கழிஞ்சதுல இருந்து நீங்க வாங்குன அத்தனை பன்னுலயும் முட்டை இருந்துச்சு. வெஜ் பப்ஸ்லயும்தான். இதே மாதிரி எல்லா வீட்டுலயும் சொல்லுதேன். இன்னைலேர்ந்து பால் பன் கிடையாது. நீங்க சொன்னாத்தான் போடுவேன்."

மாமி, "பின்னாடி சந்துல பழைய விறகடுப்பு இருந்துதே, இடிச்சுட்டியா?" என்றார்.

இடிக்கவில்லை. வடிவம்மாள் அதைத் துடைத்துப் பூசி, பால் பன்னுக்கென்றே பற்றவைத்தாள். சந்துப் பக்கக் கதவைக் கழற்றியே வைத்துவிட்டாள்; யாரும் எப்போதும் எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்ப்பதற்கு ஊரே அனுமதி தந்தது என் ஆயுளில் அது ஒரு தடவைதான். முட்டை வேலையெல்லாம் முன்கட்டுக் கரண்டு அடுப்பிலேயே நடந்தது. மங்கலான பன்கள் வந்தன. வாங்கத்தான் ஆளில்லை.

நாலாம் நாள் மாமி சந்துக்கு வந்தார். தட்டைப் பார்த்தார். வடிவம்மாளைப் பார்க்கவில்லை.

"உன் பிள்ளையைக் கூப்பிடு. எல்லாத்தையும் நீயே சொல்லிண்டிருக்கே."

முத்துக்குமரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். முதலில் தரையைப் பார்த்தான்.

"நீங்க லட்சணமா இருக்குன்னு சொன்னீங்களே மாமி, அன்னைக்கே எனக்குத் தெரியும், நீங்க தின்னக்கூடாதத நான் குடுக்கேன்னு. நல்லா ஓடுதேன்னு வாய மூடிக்கிட்டேன்."

மாமி தலையை ஆட்டினார். "இத முதல்லயே சொல்லியிருந்தா அந்த ரிப்பன் டப்பா மிச்சமாயிருக்கும்."

வடிவம்மாள் வேகவேகமாக இரண்டு பன்னைப் பேப்பரில் மடித்து நீட்டினாள். மாமி பிரித்து ஒன்றைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"அவருக்கு மட்டும் போதும். எனக்கு இன்னும் தொண்டையில இறங்காது."

அதிலிருந்து நாலு மணிக்கு வாத்தியார் வருவதில்லை, மாமியே வருகிறார். தெருவில் பாதி வீடுகள் திரும்பிவிட்டன. வடிவம்மாள் தினமும் இரண்டு மடிக்கிறாள், மாமி தினமும் ஒன்றைத் திருப்பி வைக்கிறார். நேற்றும் அப்படித்தான். ஆனால் நேற்று, பன்னைத் திருப்பி வைத்துவிட்டு, "முழங்கால் எப்படி இருக்கு வடிவு?" என்று கேட்டுக்கொண்டே விறகடுப்புப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வடிவம்மாள் காப்பிக்கு டம்ளரைக் கழுவப் போனாள்.