ஐஸ் தண்ணீரில் ஒரு கை

என் தம்பியின் கையைக் கடைசிவரை விடவே இல்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னது பச்சைப் பொய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நினைத்ததோடு நிறுத்துகிற ஆளா நான்? பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். நாள் முழுக்கக் கையில் கத்தரி இருக்கும், வாயிலும் ஒன்று இருக்கும். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் படகை ஓட்டுவார். அதே படகில் என் தம்பி எஞ்சின் மெக்கானிக். மச்சானும் மாமாவும் சேர்ந்தால் ஊரே தாங்காது, அப்படி ஒரு சிரிப்பு. போன குளிர்காலத்தில் படகு கவிழ்ந்தது. இந்த வடக்குக் கடல் அப்போது ஐஸாக இருக்கும். மற்றவர்கள் மிதவையைப் பிடித்துக்கொண்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் அலையில் தனியாக ஒதுங்கிவிட்டார்கள். இவர் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். என் தம்பி போடவில்லை. எஞ்சின் அறைக்குள் குனிய இடைஞ்சலாக இருக்கிறது என்று எப்போதும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவான், கடன்காரன். இவர்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்.

மீட்புப் படகு வந்து இவரைத் தூக்கப் போனபோது, "முதல்ல இவனத் தூக்குங்க, என் கையில இருக்கான்" என்று கத்தினாராம். தூக்கியவர்கள் பார்த்தால் கையில் யாரும் இல்லை. அதைச் சொல்லும்போது அந்த மீட்புப் படகுக்காரருக்கே கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. பிடித்திருந்தவன் எங்கே போவான்? விட்டவருக்கு விட்டது தெரியாதா? யார் காதில் பூ சுற்றுகிறார்?

வீட்டில் அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "நான் விடலம்மா." ஃப்ரிட்ஜில் கை விட மாட்டார், தண்ணீர் பாட்டிலை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வெந்நீர் வரும்வரை வாசலிலேயே நிற்பார். பாவமாகத்தான் இருக்கும். உடனே தம்பி முகம் ஞாபகம் வரும், மனசு கல்லாகிவிடும். கடைசியில் அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவெடுத்தேன். பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு அவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"போ," என்றார். "நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி என்கூட ஒரு இடத்துக்கு வா."

மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. ரப்பர் வாசனை, மோட்டார் இரைச்சல், சுவரோரமாக உப்பு மூட்டைகள். ஒல்லியான டெக்னீஷியன் ஒருவர் வாளி வாளியாக ஐஸைக் கொண்டுவந்து ஒரு தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் ஐஸ்கட்டி என்றே கூப்பிட்டார்கள்.

"இங்க ஆராய்ச்சி பண்றீங்களா, மீன் கடை போடறீங்களா?" என்றேன்.

"மீன் நல்லா இருந்தா அதையும் போட்டுடலாம்க்கா," என்றார் அவர், வாளியைக் கவிழ்த்தபடியே.

அந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார். குளிர்ந்த கடலில் விழுபவர்களுக்கு உடம்பு முழுக்க விறைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே கை செயலிழந்துவிடுகிறதாம். கை எதை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தால், மிதவையில் என்ன மாதிரி பிடி வைக்கலாம் என்று சொல்லலாமாம். விபத்தில் மாட்டியவர்களை அவர்கள் சேர்ப்பதே இல்லையாம். இவர்தான் விடாப்பிடியாக வந்து கேட்டிருக்கிறார். மனநல டாக்டரும் சரி சொன்ன பிறகு, கை மட்டும் என்று ஒத்துக்கொண்டார்களாம்.

"என் தம்பி என்ன ஆனான்னு இதுல தெரிஞ்சிடுமா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியாதும்மா. அன்னைக்குக் கடல்ல நடந்தத என்னால சொல்ல முடியாது. கை என்ன செய்யும்னு மட்டும்தான் காட்ட முடியும்."

தொட்டிக்கு மூடி உண்டு. அதிலிருக்கும் துளை வழியாகக் கையை உள்ளே விட்டால் கை என் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு பிடி, அதை இழுத்துப் பிடிக்கும் பலத்தைக் காட்ட எங்கள் பக்கம் ஒரு முள். தண்ணீருக்குள் இருக்கும் கேமரா வழியாக எங்கள் பக்கத் திரையில் கை தெரிந்தது. "பிடிய விடக் கூடாது. விட்டுட்டா உடனே சொல்லணும்" என்று டாக்டரம்மா மைக்கில் சொன்னார். அவர் தலையாட்டினார்.

ஃப்ரிட்ஜில் கை விடாத மனுஷன் ஐஸ் தண்ணீரில் முழங்கை வரைக்கும் விட்டார். மூச்சு அடைத்து வாய் பிளந்துவிட்டது. நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்கள். சொல்லவில்லை.

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

முதலில் வலி. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு வலி விட்டிருக்க வேண்டும், முகம் கொஞ்சம் தெளிந்தது. டாக்டரம்மா திரும்பக் கேட்டார், அவரும் அதையே திரும்பச் சொன்னார். முள் மெல்ல இறங்கியது. அவர் விடவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, தோளைக் கொடுத்து அழுத்தி, உயிரையே அந்தக் கையில் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் திரையைப் பார்த்தேன். விரல்கள் திறந்திருந்தன. பிடி நழுவி, அவர் கைக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீரில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. முள் அடியில் போய்ப் படுத்துவிட்டது.

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்," என்றார். கொஞ்சம் கோபமாகக்கூடச் சொன்னார்.

"டாக்டரம்மா, அவர் கை..."

"ஆமாம்மா. அவருக்குத் தெரியல. நிறைய பேருக்குத் தெரியறதில்ல."

நடிக்கிறவன் முகமா அது? வெறும் தண்ணீரை அந்த மனுஷன் உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மீட்புப் படகில் இருந்தவர்கள் பார்த்தது இந்த முகத்தைத்தான். இந்த முகத்தோடுதான், என் கையில் இருக்கான், முதலில் இவனைத் தூக்குங்கள் என்று கத்தியிருக்கிறார். நான் என்னடாவென்றால் ஊரெல்லாம் வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"நிறுத்துங்க! போதும், நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

ஐஸ்கட்டி அவர் கையை வெளியே எடுத்துத் துண்டால் ஒற்றினார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் முகத்தில் பரீட்சையில் பாஸான சின்னப் பிள்ளையின் சந்தோஷம்.

"பார்த்தியா?" என்றார். "விடலல்ல?"

டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். பிறகு தன் கையைப் பார்த்தார். சிவந்து வீங்கி, விரல்கள் பாதி விரிந்தபடி கிடந்தன. மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"விட்டுட்டேனா?"

"ஆமாங்க."

"அப்ப அன்னைக்கும்..."

"அன்னைக்கும் உங்க கை விட்டிருக்கலாம்," என்றேன். "நீங்க விடலங்க. நான் என் கண்ணால பார்த்தேன். நீங்க விடவே இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துத் தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதீங்கம்மா. சும்மா பிடிச்சுக்கிட்டாப் போதும்," என்றார் டாக்டரம்மா.

பிடித்துக்கொண்டேன். ஐஸை மடியில் வைத்த மாதிரி இருந்தது.

"என் கை தெரியுதா?"

"இல்ல. நீ உங்க அம்மா வீட்டுக்குப் போகணும்ல?"

"வாயை மூடிக்கிட்டு உட்காருங்க. எங்கயும் போகல."

ஐஸ்கட்டி மோட்டாரை நிறுத்தினார். ரொம்ப நேரம் அவர் கையைப் பிடித்தபடியே இருந்தேன். என் விரலுக்குள் அவர் விரல் ஒன்று துடித்தது. பிறகு இன்னொன்று.

"வலிக்குதும்மா," என்றார்.

"தெரியுதுங்க."

"ரொம்ப வலிக்குது. அவன் என் கையிலதான் இருந்தான்."

"ஆமாங்க. உங்க கையிலதான் இருந்தான்."

தம்பி போன பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன், அவர் கையைப் பிடித்த பிடியை விடாமல்.