தெஸெகோவ் என்று இரண்டு பேர்

நாரின் மாவட்டத்துப் புகழ்பெற்றவர்கள் பற்றிய புத்தகத்தை அச்சகத்தில் நான்தான் தட்டச்சு செய்தேன். கலைப் பகுதியில் ஓவியர் புருல்சா தெஸெகோவா, கல்விப் பகுதியில் கணக்கு வாத்தியார் பெய்ஷென் தெஸெகோவ். சொந்தக்காரர்கள் இல்லை. மாவட்டத்திலேயே அந்தக் குடும்பப் பெயர் இந்த இரண்டு வீட்டுக்குத்தான்.

எங்கள் மொழியில் தெஸெக் என்றால் வறட்டி. குளிர்காலம் முழுக்க அதை எரித்துத்தான் உயிர் பிழைக்கிறோம். ஆனாலும் கெட்டி அட்டைப் புத்தகத்தில் வறட்டி ஆகாது என்று பதிப்பாசிரியர் முகாஷ் இருவரையும் 'தெஸோவ்', 'தெஸோவா' ஆக்கிவிட்டார். சம்மதக் கையெழுத்து போடாதவர்களுக்குப் புத்தகத்தில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்.

வாத்தியார் முதலில் வந்து கையெழுத்துப் போட்டார். நாற்பது வருடமாகப் பள்ளி திறக்கும் நாளில் புது வகுப்பு தன் பெயரைக் கேட்டுச் சிரிப்பதாகச் சொன்னார்.

அடுத்து, நகக்கண்ணில் சாயத்தோடு புருல்சா வந்தார். தாளைப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

முகாஷ் அக்கா முறை சொல்லிக் குழைந்தார். "கோபப்படாதீங்க எஜே. இப்பத்திய பொண்ணுங்க மாதிரி 'ஓவா'வை விட்டுட்டு 'கிஸி'ன்னு போட்டுக்கலாமே?"

"தெஸெக் கிஸி. வறட்டி மகள். இன்னும் நல்லாருக்கு."

அங்கேயே உட்கார்ந்திருந்த வாத்தியார் சிரித்துவிட்டார்.

புருல்சா சிரிக்கவில்லை. "எங்க பாட்டனுக்கு முன்னாடி ஆறு பிள்ளைங்க செத்துச்சு. ஏழாவதுக்கு வறட்டின்னு பேரு வெச்சாங்க. சாவே தொட அருவருத்து விட்டுட்டுப் போன பேரு இது. நீங்க எதுக்குக் கை வெக்கிறீங்க?"

அப்படியானால் புத்தகத்தில் அவர் இல்லை என்றார் முகாஷ். சரி என்று புருல்சா சால்வையை எடுத்தார். அவரைப் பற்றி எழுதப்பட்ட ஒரே புத்தகம் அது.

"என் தாளைக் கொடு," என்றார் வாத்தியார். "எங்க வீட்டுல அந்தப் பேரு வெச்சது எட்டாவது பிள்ளைக்கு."

"அகாய், உங்களையும் எடுக்க வேண்டியிருக்கும்," என்றார் முகாஷ் மரியாதையாக.

"எடு. கல்விப் பகுதியில பதினாலு பேரு. அதுல ஒம்பது பேரு எங்கிட்டப் படிச்சவங்க. நான் கேட்டா அவங்களும் பேரைத் திருப்பி வாங்கிப்பாங்க. மிச்சம் எவ்வளவு, சொல்லு பாப்போம்."

முகாஷ் என்னிடம் சிடுசிடுத்தார். "என்ன பாக்குற? பழையபடி மாத்தி அடி."

புருல்சா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அது எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.