புது வால்வு செட் ஆகட்டும்

ஊரில் பாதி வீடுகளுக்குக் குழாய் போட்டவர் குழாய்க்காரர். மீதிப் பாதி வீடுகளில்தான் ஒழுகுகிறது என்று அவரே சொல்லுவார்.

அப்பேர்ப்பட்டவரின் மண்டைக்குள்ளேயே நீர் தேங்கிவிட்டது. கால் இரண்டும் தரையில் கோந்து போட்டு ஒட்டியதுபோல் ஆயின. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஆட்சியே மாறிவிடும். டாக்டரம்மா அறுவை செய்து, மூளையிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் இறக்கி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வால்வு வைத்தார். மூன்றாம் நாள் மனிதர் நடந்தார். அவர் நடந்த வேகத்தில் வார்டின் சக்கர நாற்காலிகளெல்லாம் வெட்கப்பட்டு ஓரம் ஒதுங்கின.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் புதுத் தொல்லை. உட்கார்ந்தால் தலை பிளந்தது, படுத்தால் விட்டது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள், கால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று பயம். வேலை முடிந்த மறுநாளே ‘சொட்டுது’ என்று போன் செய்தவர்களுக்கு முப்பது வருடமாகச் சொன்ன பதிலைத் தனக்கும் சொல்லிக்கொண்டார்: புது வால்வு, ரெண்டு நாள்ல தானா செட் ஆயிடும்.

மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கடைசி சீட்டில் யார் கிள்ளினார்கள் என்பதைக் கண்ணாடியிலேயே பார்த்துச் சொல்லுவார்.

“ஏன் படுத்தே கிடக்கிறீங்க?”

“சும்மாதான்.”

“போன வாரம் தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்தி நடந்து காட்டினீங்க. இப்ப சும்மாவா? இடது கையில டம்ளர் ஏன் நழுவுது?”

பள்ளிப் பேருந்து கண்டிராத வேகத்தில் மனைவி வண்டியை ஓட்ட, மருத்துவமனை வந்தது. டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

“தண்ணி வேகமா வடிஞ்சு மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கு. மேல இருக்கிற சின்ன ரத்த நாளம் இழுபட்டுக் கசிஞ்சிருக்கு. பிறை மாதிரி தெரியுதே, அது ரத்தம்.”

குழாய்க்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்து மறைத்துக்கொண்டார். “கழட்டிடுவீங்களா?”

“வால்வை இறுக்கிப் பார்ப்போம். ரத்தம் பெருகினா துளை போட்டு எடுக்கணும், குழாயையும் மூடணும். வலி வந்த அன்னைக்கே ஏன் சொல்லல?”

“செட் ஆயிடும்னு...”

“ஊருக்கெல்லாம் சொன்ன பொய்யை இவரே நம்பிட்டாரு டாக்டர்,” என்றார் மனைவி.

டாக்டரம்மா கையளவு காந்தக் கருவி ஒன்றைக் காதுக்குப் பின்னால் வைத்துத் திருப்பினார். “முடிஞ்சுது.”

சுவரை இடிக்காமல் வால்வை இறுக்கும் வித்தை! அந்தக் கவலையிலும் குழாய்க்காரருக்குப் பொறாமை பொங்கியது.

வால்வை இறுக்கியதால் அடுத்த ஆறு வாரமும் கால் சற்றுக் கனத்தது. தினமும் காலையில் மனைவி கேட்பார், “வலி இருக்கா? உண்மையைச் சொல்லுங்க.” அவரும் ஒரு சொட்டு விடாமல் ஒப்பித்தார். படத்துக்குப் படம் பிறை மெலிந்து நூலாகி, கடைசிப் படத்தில் காணாமல் போனது. டாக்டரம்மா வால்வை ஒரே ஒரு படி தளர்த்தினார்.

சில நாள் கழித்து, கால் லேசான ஒரு காலையில் போன் அடித்தது. “அண்ணே, போன வருஷம் நீங்க மாட்டின வால்வு இன்னும் சொட்டுது. செட் ஆயிடும்னீங்களே.”

“ஆகாது,” என்றார் குழாய்க்காரர். “இப்பவே வரேன்.”

மனைவி வண்டிச் சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அவர் தெருமுனையில் நின்று கையசைத்தார்.