மூடி கழற்றாத கார்டு

பகலில் அவருக்கு மரியாதை உண்டு. ஏணியோடு வாசலில் வந்து நின்றால் போதும், வீட்டுக்காரர்கள் ஓடிவந்து மெயின் ஸ்விட்ச் இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். எலெக்ட்ரீஷியன் சொன்னதே சட்டம். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டியதும் அந்த மரியாதையெல்லாம் காற்றில் பறந்துவிடும். கார் பந்தய விளையாட்டில் அவருடைய அணி அவருக்கு வைத்திருந்த பெயர் ஆமை.

அணியில் மூன்று பேர். தலைவன் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. அடுத்தவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க நத்தை வேகத்தில் ஊர்ந்த ஆத்திரத்தை ஞாயிற்றுக்கிழமை தீர்த்துக்கொள்வார். மூன்றாவது ஆள்தான் ஆமை. ஆமையின் திரைக்கு நாலு வருடமாகத் தீராத விக்கல். படம் ஓடாது, விக்கி விக்கி நகரும். வளைவு கண்ணில் படும்போது கார் ஏற்கெனவே சுவரில் இருக்கும். அதனால் வளைவு வருவதற்கு முன்பே குத்துமதிப்பாகத் திருப்பிவிடப் பழகிக்கொண்டார். அப்படியும் பெரும்பாலும் கடைசிதான்.

கம்ப்யூட்டரில் சரக்கு இல்லை என்பார் ஒவ்வொரு தோல்விக்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மச்சினன் சிரிப்பான். இத்தனைக்கும் அவனுடையதும் அதே ரகம்தான். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேஜையில் வைத்துத் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டியவர் எலெக்ட்ரீஷியன். அவன் அதை வைத்துக்கொண்டே ஜெயிக்கிறானே என்ற விஷயத்தை மட்டும் அவர் வசதியாக மறந்துவிடுவார்.

அரையிறுதி நெருங்கியபோது மச்சினன் கறாராகப் பேசிவிட்டான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவையும் சொதப்பினீங்கன்னா, ஃபைனலுக்கு நம்ம பஸ்காரர் பொண்ணு ஆடட்டும்."

பஸ்காரர் மகள் ஒன்பதாம் வகுப்பு. எலெக்ட்ரீஷியனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத மனிதர். வாரத்துக்கு ஒருநாள் இந்தக் கார் ஓட்டுவது ஒன்றுதான் அவருக்கு இருந்த சந்தோஷம். அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

ஆகவே படத்தை விக்காமல் ஓட்டுகிற புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதென்று முடிவாயிற்று. முடிவெடுத்தது அவர். பணம் இருந்தது மனைவியிடம்.

அந்தப் பணம் வாஷிங் மெஷினுக்காகச் சேர்த்தது. அவர்கள் வீட்டு மெஷின் துணி பிழியும்போது குதித்துக் குதித்துக் குளியலறையிலிருந்து கூடத்துக்கே நடந்து வந்துவிடும். ஒருவர் அதன்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். உட்காருவது மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்று பிரேம் பொருத்திவிட்டு வந்து, மாலையில் மெஷின்மேல் சவாரி செய்கிற பெண்ணிடம் போய்ப் பந்தயக் காருக்குப் பணம் கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அவர் கேட்டார். மெஷினுக்கு பேரிங்தான் போயிருக்கிறது, தானே மாற்றிவிடுவேன் என்றார். நாலு மாதமாக அதைத்தானே சொல்கிறீர்கள் என்றாள் அவள்.

பிறகு ஆரம்பித்தது ஆராய்ச்சி. சாப்பிடும்போது வீடியோ, பல் தேய்க்கும்போது வீடியோ. பிடித்த கார்டெல்லாம் யானை விலை, குதிரை விலை. ஒன்று அவருடைய மோட்டார் சைக்கிளைவிட விலை அதிகம். இன்னொன்று விலை படிந்தது, ஆனால் டேப்பை வைத்து அளந்தால் கம்ப்யூட்டர் பெட்டியைவிட நீளம். பக்கத் தகட்டை வெட்டிவிடலாமா என்றுகூட யோசித்தார். மூன்றாவதற்கு இருக்கிற பவர் சப்ளை தாங்காது. பழைய கார்டு விற்கிற ஒருவர், வாரத்துக்கு ஒருமுறைதான் ஓட்டினேன், வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன் என்று சத்தியம் செய்தார். போய்ப் பார்த்தால் பிள்ளைக்கு ஒரு காற்றாடி இல்லை. கடைசியில் விரலுக்கேற்ற வீக்கமாக, சின்னதாக, புதிதாக ஒன்று அகப்பட்டது. சீல் உடைக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றது கடை. அந்த ஒரு வரிக்காகத்தான் மனைவி பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை புதுப் பெட்டியைக் கட்டில்மேல் பூப்போல வைத்துவிட்டு, முதலில் பழையதைக் கழற்றினார். மனைவி டார்ச் பிடித்தாள். வெளியே வந்த கார்டை வாங்கித் துணியால் துடைத்தாள். அவள் தொழிலே அதுதானே. புதுப் பிரேம் வந்தால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிப்பதுதான் முதல் வேலை.

"இதுல மூடி எல்லாம் அப்படியே இருக்கே. இத எடுக்கக் கூடாதா?"

கார்டின் முதுகில், திரைக்குப் போகும் கேபிளைச் செருக வேண்டிய ஓட்டைகள் எல்லாவற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருந்தது. கடையில் வாங்கிய அன்று இருந்த மூடி.

எலெக்ட்ரீஷியன் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கேபிள் கார்டைத் தொடாமல் மேலே, கம்ப்யூட்டரின் சொந்த ஓட்டையில் இருந்தது. மாட்டிய அன்று படம் வந்தது. படம் வந்துவிட்டதே என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நாலு வருடமாகக் கார்டு உள்ளே காற்றாடியைச் சுற்றிக்கொண்டு, மின்சாரத்தைத் தின்றுகொண்டு, தண்டத்துக்கு உட்கார்ந்திருந்தது. பல்பு எரிந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவர் அவர். ஊருக்குத்தான் உபதேசம்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவரைத்தான் கட்டிக்கொண்டேனா என்று கேட்டுவிட்டு, சீல் உடையாத பெட்டியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். வாஷிங் மெஷின் பணம் பிழைத்தது, அதாவது பழைய மெஷினின் ஆயுள் முடிந்தது.

பழைய கார்டையே திரும்ப மாட்டி, மூடியைக் கழற்றி, கேபிளைக் கீழே, கார்டில் செருகினார். விக்கல் நின்றது. சாலை வெண்ணெயாக ஓடியது. அரையிறுதி அன்று, கார்டு வாங்கியாகிவிட்டது என்று மட்டும் அணியிடம் சொன்னார். அது பொய்யில்லை, அலமாரியில் இருந்ததே.

இரண்டு சுற்றுப் போட்டி. முதல் சுற்றில் எலெக்ட்ரீஷியன் ஒரு வளைவு விடாமல் மோதினார். படம் சொன்ன நேரத்துக்கு வந்தது. கைதான் பழைய வழக்கப்படி முன்கூட்டியே திருப்பித் தொலைத்தது. எத்தனை முயன்றும் கை கேட்கவில்லை. கடைசி இடம். ஹெட்ஃபோனில் பஸ்காரர் பெருமூச்சு விட்டார். மச்சினன் பஸ்காரர் மகள் வீட்டில் இருக்கிறாளா என்று விசாரித்தான், அதுதான் அதிகமாகச் சுட்டது. என் கதை முடிந்தது என்று மனைவியிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளையாட்டுதான், ஆனால் அழுகை நிஜம்.

மனைவி மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். கீழ் ஓட்டையிலிருந்த கேபிளைப் பிடுங்கி மேலே செருகினாள். விக்கல் திரும்பி வந்தது.

இரண்டாவது சுற்றில் ஆமை, தெரிந்த விக்கலோடு, தெரிந்த குத்துமதிப்போடு, ஒரு சுவரையும் தொடாமல் இரண்டாவதாக வந்தது. முதலிடம் மச்சினன். இரண்டு சுற்றுப் புள்ளிகளையும் கூட்டியதில் அணி இறுதிப் போட்டிக்குள் நுழைந்துவிட்டது. பஸ்காரர் அங்கே ஹாரன் அடித்தார்.

"புது கார்டு போட்டதும் ஆளே மாறிட்டீங்க மச்சான்," என்றான் மச்சினன். "பழகத்தான் ஒரு சுத்து ஆச்சு. நாளைக்கே நானும் அதையே வாங்கிடறேன்."

தம்பியின் காசு வீணாகப் போவதை எந்த அக்கா பார்த்துக்கொண்டிருப்பாள்? ஹெட்ஃபோனில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவள் அதைப் பிடுங்கி, ஒரு பக்கம் தன் காதிலும் மறுபக்கம் அவர் காதிலுமாக வைத்துக்கொண்டாள்.

"டேய், வாங்கறதுக்கு முன்னாடி உன் கம்ப்யூட்டருக்குப் பின்னால போய், கார்டுல மூடி இருக்கான்னு பாரு."

மேஜை நகரும் சத்தம் கேட்டது. எலெக்ட்ரீஷியனுக்கு அந்த ஒரே நாள், ஒரே மேஜை, தன் இரண்டு கைகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

"அக்கா," என்றான் தம்பி கடைசியில். "மூடி எல்லாம் அப்படியே இருக்கு. கழட்டட்டுமா?"

எலெக்ட்ரீஷியன் மைக்கை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார்.

"மாப்ள, கைய எடு. ஃபைனல் முடியற வரைக்கும் அதத் தொடாதே."