முளைத்த ஊசி மெத்தை

"அம்மா, ஊசி குத்தும்போது இந்த மெத்தைக்கு வலிக்காதா?"

பட்டன் அக்காவின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. தையல் மெஷின் அருகே தரையில் உட்கார்ந்து, ஊசிகளைக் குத்தி வைக்கும் குட்டி மெத்தையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வலிக்கும்தான். ஆனா ஊசி கீழ விழுந்து யார் கால்லயாவது ஏறுறதுக்கு இது எவ்வளவோ மேல்னு பொறுத்துக்கும்" என்றாள் அம்மா.

குழந்தைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "பாவம்" என்று மெத்தைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். இப்போது அந்த மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அக்காவோ இன்னமும் ஊசியைக் குத்துவதற்கு முன் ஒரு நொடி தயங்குகிறாள்.

பேன்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் பட்டன் தைப்பதும் அக்காவின் பிழைப்பு; பெயரும் அதில் வந்ததுதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷினுக்கு விடுமுறை. அன்று நூலகத்தின் பின்னறையில் செடிப் பைத்தியங்கள் கூடும். எல்லோரும் வீட்டில் செடி வளர்ப்பவர்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு கைவேலை தெரியும். பல் டாக்டர், பல் அச்செடுக்கும் மாவில் இலைகளை அச்செடுப்பார். பேக்கரிக்காரர் மாவு மூட்டைச் சணலில் தொட்டி தொங்கவிட வலை பின்னுவார். நூலகர் அம்மா பழைய கார்டுகளை மடித்து விதை உறை செய்வார். செய்த பொருளைச் செய்தித்தாளில் சுற்றி மேசையில் வைக்க வேண்டும். போகும்போது ஆளுக்கொரு பொட்டலத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். எதில் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

ஒரே ஒரு சட்டம்: கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. பேக்கரிக்காரர் தன் வலை ஒன்றை, அழகாக வந்துவிட்டது என்பதற்காக, மூன்று முறை திருப்பிக் கேட்ட பிறகு வந்த சட்டம் அது.

கூட்டத்தில் ஓய்வு பெற்ற ரயில் டிரைவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அண்ணன். மகன் வீட்டுக்கு ஒரு மாதம் போகும்முன், ஒரு பிஸ்கட் டப்பாவை அக்காவிடம் கொடுத்தார்.

"என் சம்சாரம் கையால எடுத்து வச்ச விதைம்மா. நீலப்பூக் கொடி. அவ போனப்புறம் பாதியைப் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுகூட எழும்பலை. இந்தக் கைப்பிடிதான் மிச்சம். எங்க வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். உன் தையல் ரூம்ல காய்ஞ்சு கிடக்கட்டும்."

"கண்ணா பார்த்துக்கறேன் அண்ணே" என்று அக்கா வாங்கி அலமாரியில் வைத்தாள்.

கண்ணாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் இந்தக் கூட்டத்தாருக்கு ஒரு பழக்கம். முளைக்கும் காலம் தாண்டிய கிழட்டு விதைகளைக் குப்பையில் போட மனசு வராது. அவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து, ஊசி மெத்தை தைக்கும்போது அடியில் கனத்துக்காகப் போடுவார்கள். அக்காவின் கிழட்டு விதை டப்பாவும் பிஸ்கட் டப்பாதான். அந்த மாதம் அவள் மூன்று மெத்தைகள் தைத்தாள். இரண்டு முடித்ததும் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மூன்றாவதுக்கு, பேச்சு வாக்கில், பக்கத்து டப்பாவை எடுத்துக் கவிழ்த்துவிட்டாள். மகளோடு போனில் பேசிக்கொண்டே செய்த வேலை. பொட்டலங்கள் மேசைக்குப் போயின. மேசையிலிருந்து யார் யார் வீட்டுக்கோ போயின.

பத்து நாள் கழித்து அலமாரியைத் துடைக்கும்போது ஒரு டப்பா கனத்தது. ஒன்று காற்றாக இருந்தது. கனத்ததில் கத்தரியும் வெண்டையும் கலந்த கிழட்டு விதைகள். காற்றாக இருந்தது அண்ணனுடையது.

அண்ணன் வர ஆறு நாள்தான் இருந்தது.

முதலில் கால்கள் அவளை விதைக் கடைக்குக் கூட்டிப்போயின. நீலப்பூப் படம் போட்ட பாக்கெட் ஒன்று கண்ணெதிரே தொங்கியது. டப்பாவில் கொட்டி வைத்தால் யாருக்குத் தெரியும்? பாக்கெட்டைக் கையில் எடுத்தாள். இதை அண்ணன் மண்ணைக் கிளறிப் போட்டு, முளைக்கிறதா என்று தினம் குனிந்து பார்ப்பாரே என்று தோன்றியது. "கடவுளே, என்னைக் காப்பாத்து" என்று அதை மாட்டிய இடத்திலேயே மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

திருப்பிக் கேட்கத்தான் கூடாது, தொட்டுப் பார்க்கலாமே! கொடியின் விதை மூன்று பட்டை உள்ளது, விரலால் நெருடினாலே தெரியும். பேக்கரிக்காரர் கல்லா மேசையில் ஒரு மெத்தை இருந்தது.

"என்னக்கா, நேத்து சுட்ட பன்னா இன்னைக்குச் சுட்ட பன்னான்னு பார்க்கிற மாதிரி அமுக்குறீங்க?"

"தையல் உறுதியா இருக்கான்னு பார்த்தேன் தம்பி."

அதில் கத்தரியும் வெண்டையும்தான். நூலகர் அம்மாவிடம் இருந்ததிலும் அதேதான்.

"ஏம்மா பட்டன், கொடுத்ததைத் தேடிக்கிட்டு அலையறியா?" நூலகர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஐயோ, இல்லம்மா. தையல் பிரிஞ்சிருக்கான்னு..."

படியிறங்கும்போது, ஒரே நாளில் இரண்டு பொய் என்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அடுத்து யாரிடம் போனாலும் உண்மையைத்தான் சொல்வது என்று முடிவெடுத்தாள்.

அடுத்தது பல் டாக்டர். கிளினிக்கில் நர்ஸ் அவளைப் பார்த்ததுமே நாற்காலியில் சாய்த்துவிட்டாள். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். டாக்டர் உடனே கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார்.

"எந்தப் பல்லுக்கா? எல்லாம் முத்து மாதிரி இருக்கே."

"ஆ... ஊ..." என்றாள் அக்கா. அப்போதுதான் ஜன்னல் திண்டு கண்ணில் பட்டது. தொங்கும் தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நேர் கீழே அவளுடைய மெத்தை. தலையெல்லாம் குண்டூசி. அடித்தையல் வழியாகப் பச்சைப் பச்சையாக எட்டிப் பார்த்தன முளைகள்.

"அதைச் சொல்றீங்களா?" டாக்டர் முகம் பூரித்தது. "அது நீங்க செஞ்சதா? என்ன கைவேலைக்கா! முளைக்கிற ஊசி மெத்தை! மருந்துச் சீட்டு குத்துற குண்டூசியை அதுல வச்சேன். நாலு நாள்ல பார்த்தா தோட்டம். பல்லுக்கு அழற பிள்ளைங்க எல்லாம் இப்ப இன்னைக்கு எவ்வளவு வளர்ந்திருக்குன்னு பார்க்கத்தான் வருது."

அக்கா எழுந்து உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். டாக்டர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு தட்டில் போட்டார். மெத்தையை ஈரப் பஞ்சில் சுற்றி அவள் கையில் வைத்தார்.

"நீங்க கேட்கலை. நானாத்தான் குடுக்கறேன். சட்டம் மீறலை."

அண்ணன் வந்த அன்று சாயங்காலமே அக்கா அவர் வீட்டு வாசலில் நின்றாள். காலி டப்பாவை ஒரு கையிலும் மெத்தையை ஒரு கையிலும் நீட்டினாள்.

"உங்க நம்பிக்கையைக் கெடுத்துட்டேன் அண்ணே."

முழுக்கதையையும் அவர் வாசற்படியில் நின்றே கேட்டார். பிறகு மெத்தையை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணினார். பதினொன்று.

"ஊசியா குத்தியிருந்துச்சு?"

"ஆமாண்ணே. தலை நிறைய."

அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "விதை போடற முந்தின நாள் அவ ஊசியும் கையுமா உட்கார்ந்திருப்பாம்மா. விதை விதையா எடுத்து வச்சுக்கிட்டு. நான் வண்டியில இருந்து அலுத்து வருவேன். என்னமோ பாசிமணி கோக்கறாளாக்கும்னு நெனச்சுப் போய்ப் படுத்துருவேன். முப்பது வருஷம் ஒரு வார்த்தை கேட்டதில்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தோல் கெட்டி. குத்தி ஊறப் போட்டாத்தான் திறக்கும் போல. நீ பத்திரமா வச்சிருந்தேன்னா, இதையும் வெறுமனே மண்ணுல போட்டு அழுக விட்டிருப்பேன்."

இருவருமாகத் தையலைப் பிரித்து, பதினொன்றையும் வேலியோரம் நட்டார்கள். ஒன்பது பிழைத்தன.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அக்காவுக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கிளினிக்கில் பிள்ளைகள் முளைக்கிற மெத்தை எங்கே என்று கேட்கிறார்களாம். டாக்டர், "அது சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கு" என்கிறாராம். பேக்கரிக்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடி வேலி முழுக்கப் பூத்தது, காய்த்தது, காய்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஆளுக்கொரு உறை விதையை மேசையில் வைத்தார். அக்கா தன் பங்கை அன்று மாலையே மெஷின் விளக்கின் கீழ் பரப்பினாள். விதை விதையாக எடுத்து, தயங்காமல், மெல்ல ஒரு குத்து. எல்லாவற்றையும் வைத்து ஒரு மெத்தை தைத்தாள்.

மறுநாள் விடிந்ததும், கடைகள் திறக்காத தெருவில், கிளினிக்கின் பக்கவாட்டுக்குப் போனாள். செடிகளுக்குக் காற்று வேண்டும் என்று டாக்டர் அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைத்திருப்பார். கம்பிகளுக்குள் கைவிட்டு, தொங்கும் தொட்டிக்கு நேர் கீழே மெத்தையை வைத்தாள். ஒரு சொட்டு அதன் மேல் விழும்வரை காத்திருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குத் தர வேண்டிய பேன்ட் ஞாபகம் வந்து வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.